எல்லாக் கயிறும் கைக்கு எட்டும்படி

பாய்ப்படகு வாங்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது, பம்பாய் திலக் நகரில் எங்கள் கட்டடத்தில் சிரிக்காதவள் என் மனைவி ஒருத்திதான். சிரிப்பதற்கு முன்பே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசை நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, "மாடி ஏற ஒரு கை சுவத்துல வேணும் உங்களுக்கு. கடல்ல எதைப் புடிப்பிய?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். எனக்கு இடது கால் சிறுவயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் போய்விட்டது. போய்விட்டது என்றால் கால் இருக்கிறது, வேலை செய்யாது. தொடையில் கையை ஊன்றி அழுத்தி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து நடப்பேன். குர்லா ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் எல்லாம் மெதுவாகிவிடுவார்கள். நண்பர்களோடு நடந்தால் அவர்கள் தங்கள் நடையைச் சுருக்கிக்கொள்வார்கள். சுருக்கிக்கொள்வது தெரியக்கூடாது என்று வானத்தைப் பார்ப்பார்கள், கடைப் பலகைகளைப் படிப்பார்கள். அந்தக் கருணைதான் எனக்கு ஆகவே ஆகாது. கல்லால் அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

மாஹுல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடுகிற வேலை எனக்கு. அங்கே இருந்த ஒரு பொறியாளர் சின்னப் பாய்ப்படகு ஒன்று வைத்திருந்தார். அது கவிழாமல் இருக்க ஓரத்தில் உட்கார ஆள் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிப்போவார். எடைக்குத்தான் கூட்டிப்போனார். என் உடம்பு எதற்காவது தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை என்பதால் நானும் போனேன். போன அன்றே ஒன்றைக் கவனித்தேன். படகில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு கால் உள்ளவனும் உட்கார்ந்துதான் கயிறு இழுக்கிறான், உட்கார்ந்துதான் சுக்கான் பிடிக்கிறான். அவர் வேலையை விட்டு வெளிநாடு போனபோது படகும் விலையாகிவிட்டது. எனக்கு அதற்குள் சுக்கான் பிடிக்க நன்றாக வந்திருந்தது. அதை விட்டுவிட மனமில்லை.

கூட்டுக்கு வந்தவர் தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த என் நண்பர். காயல்பட்டினத்துக்காரர். என் காலுக்குத் தோலும் இரும்பும் வைத்துப் பட்டை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். அளவெடுக்கப் போய்ப் பழகி, வாரம் ஒரு தடவை சயானில் பஸ்ஸை விட்டு இறங்கி அவர் பட்டறையில் தேநீர் குடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்றாகிவிட்டது. கடலோரத்தில் பிறந்தவர் ஆயிற்றே, கடல் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் கடலைக் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

கப்பல் உடைக்கும் தாருக்கானாவில் ஒரு மரப்படகைப் பிடித்தோம். ஏதோ ஒரு பழைய கப்பலின் உயிர்காக்கும் படகு. இரண்டு முனையும் கூராக, செம்பு ஆணி அடித்து, பலகைமேல் பலகை ஏற்றிக் கட்டியது. வெயிலில் காய்ந்து பலகைக்குப் பலகை இடைவெளி விட்டிருந்தது. மாஹுல் ஓடைக்கு இழுத்துவந்து கரையில் வைத்து, இடுக்குகளில் பஞ்சுத்திரி அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினோம். முன்பாதியில் தாழ்வாக ஓர் அறை கட்டினோம். இரண்டு பேர் படுக்கலாம், ஸ்டவ் வைக்கலாம், நிமிர முடியாது. பாய்மரக் கொம்பும் கப்பிகளும் நங்கூரமும் திசைகாட்டியும் அதே தாருக்கானாவில் கிடைத்தன. பாய்க்கான கித்தானைத் தாராவியில் செருப்புத் தைக்கும் கனத்த மெஷினில் நண்பரே தைத்தார். மூலைக்கு மூலை தோல் வைத்துத் தைத்திருந்தார். கித்தான் கிழிந்தாலும் மூலை கிழியாது என்று அவருக்கு அதில் பெரிய பெருமை.

எல்லாம் சேரும் நேரத்தில்தான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். பட்டறையில் பாயை மடித்துக்கொண்டிருந்தோம்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீரும். ஓட்டுறதுக்கு ஒரு தண்டலை வச்சுக்கிடுவோம். மாஹுல்லயே மீன்காரங்க இருக்காங்க. நீரு பின்னால உக்காந்துக்கிட்டு எப்படிப் போவணும்னு சொல்லும், போதும்."

படகுக்குத் தலைவனை எங்கள் ஊர்ப் பக்கத்தில் தண்டல் என்போம், பம்பாயில் தாண்டேல். பெயர் எதுவானால் என்ன? சொந்தப் படகில் நான் பயணி என்றாகிவிடும். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஏன்வே?"

"காத்து அடிச்சா ஒருத்தன் ஓடிப்போய்க் கொம்புகிட்ட நின்னு பாயை இறக்கணும். உம்மால ஓட முடியுமா? எனக்கு இதெல்லாம் தெரியாது. ரெண்டு வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்கல்லா?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம். மடித்த பாயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எழுந்து வருவது என்றால் எனக்கு நேரம் ஆகும். அதற்குள் அவர் தேநீருக்குச் சொல்லிவிட்டார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வாரம் முழுக்க ஆபீசில் தொழிற்சாலைக் குழாய்களுக்குப் போட வேண்டிய கவனத்தை என் படகுக் கயிறுகளுக்குப் போட்டேன். பாயை ஏற்றும் கயிறு கொம்பின் உச்சியிலிருந்து கீழே வருகிறது. அதைக் கொம்படியிலேயே கட்டுவதுதான் வழக்கம், அதனால்தான் அங்கே ஒருவன் ஓடவேண்டியிருக்கிறது. கொம்படியில் ஒரு கப்பி வைத்து, கயிற்றை அறையின் கூரைமேல் ஓட்டி, சுக்கான் பக்கத்தில் நான் உட்காரும் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டால்? ஏற்றும் கயிறு மாதிரியே இறக்கும் கயிறு ஒன்று. முன்னால் இருக்கும் சின்னப் பாய்க்கும் அப்படியே. கயிறு நீளமாகும், இழுக்கக் கூடுதல் பலம் வேண்டும். அதனால் என்ன? கால் செய்யாத வேலையையும் சேர்த்து இத்தனை வருஷம் செய்தவை என் கைகள். மாட்டுங்கா மார்க்கெட்டில் தேங்காய் மூட்டை தூக்குகிறவன்கூட என்னோடு கைப்பலம் பார்க்க யோசிப்பான்.

எல்லாக் கயிறும் வந்து என் மடியில் முடிவதைப் பார்த்து நண்பர் சிரித்துவிட்டார்.

"என்னவே, பொம்மலாட்டம் காட்டப்போறீரா?"

சிரித்தாலும், இருட்டிலும் கைக்குத் தெரியட்டும் என்று ஒவ்வொரு கயிற்றின் நுனிக்கும் ஒவ்வொரு மாதிரி தோல் சுற்றித் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். உடன்பாடு ஒன்றும் ஆயிற்று. மழை ஓய்ந்ததும் துறைமுகத்தைக் கடந்து அக்கரையில் மாண்ட்வா வரை போவது. யார் உதவியும் இல்லாமல் நான் கொண்டுபோய்ச் சேர்த்தால் சுக்கான் என்னுடையது. இல்லையென்றால் தாண்டேல் வருவான், நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்காரவேண்டும்.

மிச்சமிருந்தது அடிப்பாரம். படகின் அடியில் கனம் இல்லாவிட்டால் பாய் ஏற்றியதும் சாய்ந்துவிடும். இரும்புக் கட்டிகளுக்கு வியாபாரி தங்கத்துக்குச் சொல்வதுபோல விலை சொன்னான். அப்போது கிங்ஸ் சர்க்கிளில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் ஹோட்டலில் மாவரைக்க மோட்டார் வைத்த சமயம். பழைய ஆட்டுக்கற்கள் கொல்லையில் கிடந்தன. ஒவ்வொன்றையும் அசைக்கவே இரண்டு ஆள் வேண்டும். கேட்டதும் முதலாளி சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"பேஷா எடுத்துண்டு போங்கோ. ஆனா கல்லையும் குழவியையும் பிரிக்கப்படாது. பிரிச்சா குடும்பத்துக்கு ஆகாது."

எங்கள் வீட்டிலும் அதே பேச்சு உண்டு. என் மனைவி வேதக்காரி, பைபிள் படிப்பவள், சகுனம் பார்க்கமாட்டாள், ஆனாலும் குழவி இல்லாத கல்லை வெறுங்கல்லாக வைத்திருக்கச் சம்மதிக்கமாட்டாள். நண்பருக்கும் அது சரியென்றே பட்டது. தோல் ஏற்றும் லாரியில் அந்தக் கற்களைக் கொண்டுவந்து, அறைக்குள் படகின் நடுவில் வரிசையாக இறக்கி, அசையாமல் மரச்சட்டம் அடித்தோம். அவரவர் குழியில் அவரவர் குழவியை வைத்தோம். பார்க்கக் கல்யாண வீட்டு அடுக்களை மாதிரி இருந்தது. குழவி குழியில் உட்கார்ந்தபின் அதைப் பற்றி எங்களுக்கு யோசனையே வரவில்லை. நம் அடுக்களையில் எந்தக் குழவியாவது குழியைவிட்டு எழுந்து போய்ப் பார்த்திருக்கிறோமா?

கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் போடும் பௌர்ணமி முடிந்து, மழையும் நின்று, வானம் வெளுத்த ஒரு காலையில் கிளம்பினோம். தண்ணீர் வடியும்போதே ஓடையைவிட்டு வெளியேறிவிட வேண்டும், இல்லாவிட்டால் சேற்றில் உட்கார்ந்துவிடுவோம். என் மனைவி சேற்றோரத்தில் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தாள். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள். "நனையாமப் போய்ட்டு வாங்க" என்றாள். கடலுக்குப் போகிறவனிடம் சொல்கிற பேச்சா அது? அவள் கண் கலங்கியிருந்ததால், சரி என்று தலையாட்டினேன்.

காலைக்காற்று நிலத்திலிருந்து மெல்ல வந்தது. பீர்பாவ் துறையையும் எண்ணெய்க் கப்பல்கள் நிற்கும் தீவையும் தாண்டினோம். நண்பர் முட்டையைத் தின்றுகொண்டு, இது என்ன பெரிய வித்தை, மாட்டுவண்டி மாதிரிதான் போகுது என்றார். எலிஃபெண்டா இடது பக்கம் பின்தங்கியபோது காற்று அடியோடு நின்றது. துறைமுக வாயிலிலிருந்து அலை மட்டும் வழவழவென்று வந்து படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தின்ற முட்டை நண்பரை விட்டுப் போனது. அதற்குப்பின் அவர் படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தார்.

மதியத்துக்கு மேல் கடல்காற்று வலது பக்கத்திலிருந்து வந்தது. வருவது தண்ணீரில் கருப்பாகத் தெரிந்தது. பாய் நிறைந்து, படகு இடது பக்கம் சாய்ந்து, முதல் தடவையாக நிஜமாக ஓட ஆரம்பித்தது. எனக்குத் தொண்டையிலிருந்து ஒரு கத்தல் வந்தது, சந்தோஷத்தில்தான். அப்போது அறைக்குள் 'டம்' என்று ஒரு சத்தம். உடனே இன்னொன்று.

என்ன என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. படகு சாய்ந்ததும் குழவிகள் ஒவ்வொன்றாகக் குழியைவிட்டு வெளியே குதித்து இடது பக்கத்துக்கு உருண்டுவிட்டன. கனம் ஒரு பக்கம் சேர்ந்ததும் படகு இன்னும் சாய்ந்தது, நிமிரவில்லை. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே ஊற்றியது. நண்பர் தன் அல்லாவைக் கூப்பிட்டார்.

பாயைப் பிடித்திருந்த கயிற்றை விட்டேன். பத்தவில்லை. மடியில் கிடந்த நுனிகளைத் தடவினேன், கண் அலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஏற்றும் கயிற்றைத் தளர்த்தி, இறக்கும் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தேன். பெரிய பாய் சடசடவென்று இறங்கிக் கூரைமேல் விழுந்தது. உட்கார்ந்த இடத்தைவிட்டு நான் அசையவில்லை. அந்த ஆட்டத்தில் இரண்டு கால் உள்ளவன் கொம்பு வரை போயிருக்கமுடியாது. இதை அன்றைக்கே சத்தம் போட்டுச் சொல்லிக்காட்டியிருப்பேன், கேட்கும் நிலையில் அவர் இல்லை.

படகு நிமிர்ந்தது. ஆனால் பாய் இல்லாமல் அலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. அதோடு குழவிகளும் உருண்டன. பழைய பலகை, உள்ளேயிருந்து இடித்தால் எத்தனை இடி தாங்கும்? அறைக்குள் நிமிர முடியாது என்பதால் அங்கே என் கால் ஒரு குறையே இல்லை. வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனேன். ஒரு குழவி என் விரலை நசுக்கியது. கெட்டவார்த்தை சொன்னேன். உருண்டு வருவதை நல்ல காலால் பெஞ்சோடு சேர்த்து அழுத்தி, தூக்கி, வாசலுக்குத் தள்ளுவேன். நண்பர் மண்டியிட்டபடியே அதை வாங்கி விளிம்பைத் தாண்டிப் போடுவார். அந்த நிலையிலும் அவர் கேட்டார்:

"பிரிக்கக்கூடாதுன்னாரே வே! குடும்பத்துக்கு ஆகாதாமே!"

"குடும்பத்தலைவன் ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம். போடும்!"

கடைசிக் குழவியும் போனபின் வெளியே தலையை நீட்டினால், நண்பர் துண்டை எடுத்து வீசிக்கொண்டிருக்கிறார். அக்கரையில் ரேவஸ் போகும் லாஞ்சு ஒன்று திரும்பி எங்களை நோக்கி வந்தது. பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாக வந்து எட்டிப்பார்த்தார்கள். முனையில் ஒருவன் வடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "ரஸ்ஸா தேவூ க்யா?" என்று கத்தினான். வடத்தைப் போடட்டுமா என்கிறான். பிடித்துக்கொண்டால் போதும், இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிடுவான்.

"புடியும்வே" என்றார் நண்பர். "உசுரு இருந்தா உப்பு வித்துப் பொழைச்சுக்கிடலாம்."

அவர் முகம் வெளுத்து, சட்டையெல்லாம் நாறிக் கிடந்தார். எனக்கும் பயமாக இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பலகை ஒன்றில் தண்ணீர் கசிந்தது. ஆனால் கற்கள் சட்டத்துக்குள் இருந்த இடத்தில் இருந்தன, கொம்பு நின்றது, காற்று ஒரே சீராக வீசியது, மாண்ட்வாவின் தென்னைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அந்த வடத்தை வாங்கிக் கட்டினேன் என்றால் அதற்குப்பின் எத்தனை வருஷம் உயிரோடு இருந்தாலும் என்னை யாராவது இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நக்கோ!" என்று லாஞ்சுக்காரனைப் பார்த்துக் கத்தினேன். நக்கோ என்றால் வேண்டாம், அந்த ஊரில் யாருக்கும் புரியும்.

"கிறுக்கா உமக்கு? பாயை யாரு ஏத்துவா? என்னால எந்திரிக்க முடியலை!"

"யாரும் எந்திரிக்க வேண்டாம். வாளி இருக்கு, உக்காந்த இடத்துலயே தண்ணியைக் கோரும்."

நல்ல காலைக் குறுக்குச்சட்டத்தில் உதைத்துக்கொண்டு, ஏற்றும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஈரக் கித்தான், நசுங்கிய விரல், கப்பிக்குக் கப்பி உரசும் கயிறு. கை மாற்றிக் கை மாற்றி இழுத்தேன். பாய் கூரையைவிட்டு எழுந்தது, பாதிக்கு வந்தது, உச்சிக்குப் போனது. லாஞ்சில் யாரோ விசிலடித்தார்கள். வடத்தோடு நின்றவன் அதைத் தன் காலடியில் போட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டான். லாஞ்சு அதன் வழியே போனது.

அதற்குப்பின் ஓட்டம் சுகமாக இருந்தது. நண்பர் கோரிக்கொண்டே வந்தார், இடையிடையே என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

மாண்ட்வாவில் மணற்கரை. இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரத்தைப் போட்டேன். பாய் கீழே வந்ததைப் பார்த்து மீன்காரர் ஒருவர் தண்ணீரில் நடந்து வந்தார். கரைக்குப் போக ஆட்களை முதுகில் தூக்கிப்போவது அங்கே வழக்கம். பெஞ்சில் நீட்டியிருந்த என் சூம்பிய காலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் பக்கம் முதுகைத் திருப்பிக் குனிந்தார். நான் நண்பரைக் காட்டினேன். நண்பர் மறுக்காமல் அவர் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீர் என் கனத்தை வாங்கிக்கொண்டது. தொடையில் கை வைக்காமல் நடந்தேன், உடம்பு சாயவில்லை.

முன்னால் போன மீன்காரர் நின்று படகைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே இன்னும் ஓர் ஆள் இருப்பான் என்று நினைத்தார் போல. "தாண்டேல் கிதர் ஹை?" என்று கேட்டார், தாண்டேல் எங்கே என்று.

நண்பர் அவர் முதுகில் இருந்தபடியே கையை நீட்டி என்னைக் காட்டினார். "வோஹீச் ஹை" என்றார். அவன்தான் என்று பம்பாய் ஹிந்தியில், சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் என் நொண்டல் திரும்பிவந்தது. வரட்டும் என்று நடந்தேன். நண்பரை மணலில் இறக்கிவிட்டு மீன்காரர் கூலிக்குக் காத்து நின்றார். நண்பர் காலூன்றி நின்று ஓர் அடி எடுத்துவைத்தார், தடுமாறினார், இன்னோர் அடிக்கு வழி தெரியாமல் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். அலையில் கிடந்தவர்களுக்குத் தரையில் அப்படித்தான் இருக்கும்.

"நிலம் ஆடுதுவே" என்றார். "உம்மைக் கொஞ்சம் புடிச்சுக்கிடட்டா?"

அதுவரை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தோளைக் கொடுத்தேன். அவர் தன் கனத்தையெல்லாம் அதில் வைத்தார், என் நடைக்கு அவர் நடந்தார். தென்னந்தோப்பு வரைக்கும் அப்படியே போனோம்.